நூற்று முப்பத்தாறு அடி

இன்னும் ஒன்பது பேர். ஒன்பது பேரும் தாண்டி முடித்ததும் ஒலிபெருக்கியில் ஜெனோவா என்று கூப்பிடுவார்கள், தூத்துக்குடி என்று சேர்த்துச் சொல்வார்கள், நான் எழுந்து போக வேண்டும். ஒருத்திக்கு ஒன்றரை நிமிடம் என்று வைத்தாலும் பதின்மூன்று, பதினான்கு நிமிடம் இருக்கிறது. அதற்குள் மழை வந்துவிட்டால் நன்றாக இருக்கும். திருச்சியில், மே மாதத்தில், மதியம் மூன்று மணிக்கு மழை. ஆசைக்கும் ஒரு அளவு வேண்டாமா? பெஞ்சின் இரும்பு சுடுகிறது, துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வலது தொடையில் ஒட்டிய மணலை இன்னும் தட்டவில்லை. இரண்டாவது வாய்ப்பில் ஒட்டிய மணல், ஐந்து மீட்டர் பதினெட்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளவே ஐந்து இருபது தாண்டுவேன், பக்கத்தில் நிற்கிறவளிடம் கதை பேசிக்கொண்டே தாண்டுவேன். முதல் வாய்ப்பில் அதுவும் இல்லை, பலகை வந்ததும் தாண்டாமல் மணலுக்குள் அப்படியே ஓடிப் போய்விட்டேன், பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி. இப்போது பட்டியலில் பதினோராவது ஆள். மூன்றாவது வாய்ப்பும் முடிந்ததும் முதல் எட்டுப் பேருக்குத்தான் இன்னும் மூன்று வாய்ப்பு கொடுப்பார்கள், மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். எட்டாவதாக இருக்கிறவள் ஐந்து முப்பத்துநாலு. பதினாறு, பதினேழு சென்டிமீட்டர். என் ஒரு சாண்கூட வராது. தூரம் கிடக்கட்டும். அந்த ஐந்து பதினெட்டை நான் வலது காலில் தாண்டினேன், அதுதான் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. பதினான்கு வருடமாக நீளம் தாண்டுகிறேன், போட்டியில் ஒரு நாளும் வலது காலை அந்த வெள்ளைப் பலகையில் வைத்ததில்லை. எழும்புகிற கால் எனக்கு இடது. யாரும் முடிவு செய்ததில்லை, சோற்றுக்கு எந்தக் கை போகிறது என்று யார் முடிவு செய்தார்கள்? இன்றைக்குப் பலகை பக்கத்தில் வந்ததும் இடது கால் பின்னாலேயே நின்றுகொண்டது, வலது கால் முந்திக்கொண்டு போய் மிதித்தது. காலும் காலும் கலந்து பேசிக்கொண்டது போல, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

டப். ஈரோட்டுக்காரி மிதித்துவிட்டாள். வெள்ளைக் கொடி, செல்லும். ஒவ்வொருத்தி மிதிக்கும்போதும் அந்தப் பலகை டப் என்கிறது. இத்தனை வருடம் இந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லையா, அல்லது கேட்டும் காதில் விழவில்லையா? இரண்டு வருடத்துக்கு முன்னால் சென்னையில் அன்றைக்கும் இப்படித்தான் கேட்டது. நான்காவது வாய்ப்பு, நல்ல வேகம், பதினேழு, பதினெட்டு, இடது கால் பலகையில், டப். முருங்கைக்காயை யாரோ என் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒடித்தார்கள். காற்றில் இருக்கும்போதே தெரிந்துவிட்டது, வலி வரவில்லை, ஆனால் கீழே இறங்கக்கூடாது என்று தெரிந்தது. இறங்காமல் எப்படி இருக்க முடியும்? இறங்கினேன். முட்டு ஒரு பக்கமும் பாதம் இன்னொரு பக்கமும் போனது, மணல் வாய்க்குள் போனது, அலறினது நான்தான் என்று பிறகு சொன்னார்கள். முட்டுக்குள்ளே இருக்கிற நார் முழுசாக அறுந்து, ஜவ்வும் கிழிந்து. டாக்டர் தொடைக்குப் பின்னால் இருந்த நாரை எடுத்து முட்டுக்குள் கோர்த்து இழுத்துக் கட்டினார். உங்க சொந்த நார்தான், பயப்படாதீங்க என்றார். என் சொந்தம்தான், ஆனால் தொடையில் வேலை பார்த்தது, முட்டு வேலை அதற்கு என்ன தெரியும்? மூன்று மாதம் ஊன்றுகோல். மடக்கு, நீட்டு, மடக்கு, நீட்டு. கக்கூசில் உட்கார முடியாமல் அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி நடுவில் ஓட்டை போட்டுக் கொண்டுவந்தாள், இருபத்தைந்து வயதில், மாநில அளவில் பதக்கம் வாங்கியவளுக்கு. இன்றைக்கு வரைக்கும் நான் குந்தி உட்காரவில்லை. கோயிலில் முழந்தாளிட மாட்டேன், மாதாவும் புரிந்துகொள்வாள், கடைசி பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். கீழே ஏதாவது விழுந்தால் இடுப்பை மட்டும் வளைத்து எடுப்பேன். உட்காரலாம், ஒன்றும் ஆகாது என்று பிசியோ அக்கா நூறு தரம் சொல்லியாயிற்று. உட்கார்ந்துவிடலாம் அக்கா, எழுந்திருக்கும்போது அறுந்தால்?

மாதா என்றதும் அந்தக் கால் ஞாபகம் வந்து தொலைக்கிறது. ஆபரேஷன் முடிந்த மாதம் அம்மா வேளாங்கண்ணிக்குப் போய், அங்கே கடையில் விற்கிற வெள்ளித் தகட்டுக் கால் ஒன்றை வாங்கி மாதாவுக்குப் போட்டுவிட்டு வந்தாள். கண் நோய்க்குக் கண், கைக்குக் கை, எனக்குக் கால். வந்தவளிடம் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எந்தக் காலும்மா வாங்குனே என்று கேட்டேன். "கால்தான்ட்டி வாங்குனேன். முழங்காலுக்குக் கீழ வரைக்கும் நல்லா இருந்துச்சு." "இடது காலா, வலது காலா?" அம்மாவின் முகம் ஒரு நொடி செத்துப்போனது. பிறகு, "மாதாவுக்குத் தெரியாதாக்கும்? உன்கிட்ட வந்து கேட்டுட்டுத்தான் சொகமாக்குவாளா?" என்று சீறினாள். மெல்லிசான தகடு, அதைத் திருப்பிப் போட்டால் இடது வலதாகும், வலது இடதாகும். ஆயிரம் கால்கள் கிடக்கிற அந்தப் பெட்டியில் என் கால் எந்தப் பக்கமாக விழுந்ததோ. சிரித்துவிட்டுத் தூங்கியிருக்க வேண்டிய விஷயம். நான் தூங்கவில்லை. இரண்டாவது வாய்ப்பில் வலது காலில் தாண்டி விழுந்து மணலில் கிடந்தபோது முதலில் வந்த நினைப்பு என்ன தெரியுமா? அம்மா வலது காலைத்தான் போட்டிருக்கிறாள். டப். இன்னும் ஏழு பேர்.

தங்கதுரை சார் கையை ஆட்டுகிறார். பயிற்சியாளர்கள் உள்ளே வரக்கூடாது, கம்பிக்கு அந்தப் பக்கம் வெயிலில் தொப்பியோடு நிற்கிறார், வா வா என்கிறார். போகாமல் இருக்க முடியாது. எழுந்திருக்கும்போது பெஞ்சில் இரண்டு கையையும் ஊன்றினேன், அதையும் பார்த்திருப்பார். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது, ஒன்றைத் தவிர.

"எந்தக் காலும்மா அது?"

"எது சார்?"

"தெரியாத மாதிரி கேக்காத. ரெண்டாவது ஜம்ப்ல எந்தக் கால வச்ச?"

"வலது கால் வந்துருச்சு சார்."

"தானா வந்துருச்சா? பதினெட்டு ஸ்டெப்பு ஓடுறவ பத்தொம்போது ஓடியிருக்க. நான் எண்ணிட்டுத்தான் இருந்தேன். பதினெட்டாவது இடது பலகைக்கு முன்னாடி தரையில விழுந்துச்சு. அதுக்கு மேல ஒண்ணு சேத்து வலதுல தாண்டுன. சரி, அது உன் தப்பு இல்ல. மார்க்கு தப்பு. நூத்தி முப்பத்தாறுலயே வச்சிருக்கியா இன்னும்?"

"ஆமா சார்."

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஓடுனவளோட மார்க்கும்மா அது. இப்ப உன் ஸ்டெப்பு சின்னதாயிருச்சு. நான்தான் சொல்லியிருக்கணும். முன்னாடி வை. அஞ்சு அடி முன்னாடி வை."

"பழைய மார்க்குல ஒரு தடவை பாக்குறேன் சார்."

"வலதுலயே போனா எட்டுக்குள்ள வரலாம்னு பாக்குறியா?" குரலை இறக்கிக் கேட்டார். கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "வரலாம். முப்பத்தஞ்சு வலதுலயும் வரும் உனக்கு. அதுக்கப்புறம் இடது கால் என்னைக்கும் வராதும்மா."

திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டேன். நூற்று முப்பத்தாறு அடி என்றால் பலகையில் குதிகாலை வைத்து, அங்கிருந்து திரும்பிப் பாதத்துக்கு முன்னால் பாதமாக ஒட்டி ஒட்டி வைத்து நடந்து எண்ணுகிற அடி, என் பாதத்தால் அளந்த நூற்று முப்பத்தாறு. எண்ணி முடிகிற இடத்தில் ஓடுபாதை ஓரமாக ஒரு துண்டு நாடா ஒட்டுவேன், அங்கிருந்து ஓடினால் பதினெட்டாவது எட்டு இடது காலாகப் பலகையில் விழும். ஒவ்வொருத்திக்கும் ஒரு நம்பர், யாருக்கும் யாருடையதும் உதவாது. போன மாதம் முழு ஓட்டம் ஆரம்பித்த அன்றைக்கு சார் மார்க்கை எங்கே வைக்கிறே என்று கேட்டார், பழைய இடம்தான் சார் என்றேன், அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அது, அந்தத் திமிர் வேணும் என்று முதுகில் தட்டினார். திமிர். அவர் கண்ணுக்குத் தப்பியது அந்த ஒன்றுதான். அம்மாவிடம் சொல்லவில்லை, பிசியோ அக்காவிடம் சொல்லவில்லை, இந்தச் சுடுகிற பெஞ்சில் எனக்கு நானே சொல்லிக்கொள்ளவும் வாய் வரவில்லை, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். என் எட்டு சின்னதாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். அந்த நாடாவிலிருந்து ஓடினால் பதினெட்டில் பலகை எட்டாது என்று தெரிந்துதான் அங்கேயே ஒட்டினேன். எட்டாதவரைக்கும் இடது கால் பலகையை மிதிக்க வேண்டாம். கேட்டால் மார்க்கு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு மாதமாகத் திமிர் என்று பெயர் வைத்து நான் வளர்த்தது பயத்தை. எவ்வளவு கெட்டிக்காரி பார்த்தாயா? இந்தப் புத்தியைப் படிப்பில் காட்டியிருந்தால் அம்மா கும்பிட்டிருப்பாள். டப். சிவப்புக் கொடி. சேலத்துக் கோகிலவாணி பல்லைக் கடித்துக்கொண்டு மணலிலிருந்து எழுந்து ஓடி வருகிறாள், மணலிலிருந்து எவ்வளவு சாதாரணமாக எழுந்திருக்கிறார்கள் எல்லோரும்.

கோகிலவாணி பக்கத்தில் வந்து தொப்பென்று உட்காருகிறாள், தண்ணீரை முகத்தில் ஊற்றிக்கொள்கிறாள். "அக்கா, உங்களுக்கு இன்னும் எத்தினி பேரு?" மூன்று என்றேன். "நல்லா வரும்க்கா. போன தடவ மெதுவாத்தான் வந்தீங்க, அதுக்கே அஞ்சு பதினெட்டு." இவள் நல்ல பெண், நான் கீழே விழுந்த அன்றைக்கு ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையை இவளும் பிடித்தாள் என்று சொன்னார்கள். கேட்கலாமா? கோகிலா, அன்றைக்கு என் கால் எப்படி இருந்தது, நான் பார்க்கவே இல்லை. கேட்டால் சொல்லிவிடுவாள். கேட்கவில்லை. கை வேர்க்கிறது, உள்ளங்கால் வேர்க்கிறது, முட்டைத் தொட்டுப் பார்க்கிறேன், தழும்பு மட்டும் சில்லென்று இருக்கிறது, எப்போதும் இருக்கும். வலதிலேயே போய்விடலாம். யாருக்கு என்ன? முப்பத்தைந்து வந்தால் இன்னும் மூன்று வாய்ப்பு, அதில் ஒன்றில் இடதைப் பார்த்துக்கொள்ளலாம். பார்த்துக்கொள்ளலாம், அடுத்த வாய்ப்பில், அடுத்த போட்டியில், அடுத்த வருடம். வலது கால்காரியாகவே வயதாகி, ஐந்து நாற்பதைத் தாண்டாமல் ஒரு நாள் ஸ்பைக் ஷூவைக் கழற்றி யாருக்காவது கொடுத்துவிட்டு, கேட்கிறவர்களிடம் எல்லாம் காயம், காயம் என்று சொல்லிக்கொண்டு. ஆறே கால் மீட்டர் கிட்டத்தட்டத் தாண்டியவள் நான். அந்த உடம்பு எங்கேயும் போகவில்லை, முட்டுக்கு மேலேயும் கீழேயும் அப்படியே இருக்கிறது, நடுவில் ஒரு சாண் இடத்துக்குள் நுழையத்தான் எனக்குத் தைரியம் இல்லை. இன்னொரு தடவை அறுந்தால் அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னாரா, நான் நினைத்துக்கொண்டேனா? சொன்னார். இல்லை, அறுந்தால் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம்? மறுபடியும் நாற்காலியில் ஓட்டை.

ஜெனோவா, தூத்துக்குடி.

எழுந்துவிட்டேன். ஓடுபாதை ஓரத்துக் கடிகாரத்தில் அறுபது, ஐம்பத்தொன்பது. இதற்குள் ஓட ஆரம்பிக்க வேண்டும். நாடா பக்கத்தில் போய் நிற்கிறேன், மஞ்சள் நாடா, என் கையால் ஒட்டியது. நாற்பத்தெட்டு. வலது காலா, இடது காலா? மாதாவே, எந்தப் பக்கமாக விழுந்தது அந்தத் தகடு? நாற்பத்தைந்து. இடுப்பை வளைத்து நாடாவை உரிக்கிறேன், வெயிலில் இளகி ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது, நகத்தால் சுரண்டுகிறேன். நாற்பது. வந்துவிட்டது. பாதத்துக்கு முன்னால் பாதம், ஒன்று, இரண்டு, மூன்று, பலகையைப் பார்த்து, எல்லோரும் பார்க்க, நான் பழைய ஆள் இல்லை என்று எண்ணிக் காட்டுகிற மாதிரி, நான்கு, ஐந்து. முப்பது. ஒட்டினேன். இனிமேல் மார்க்கு தப்பு என்று சொல்ல முடியாது. ஒளிய ஒரு இடம் வைத்திருந்தேன், அதையும் நானே உரித்துவிட்டேன், இவ்வளவு பயம் எனக்கு ஆஸ்பத்திரியில்கூட வரவில்லை. கம்பிக்குப் பின்னால் சார் தொப்பியைக் கழற்றிவிட்டார். இருபத்தொன்று. அம்மா இப்போது மீன் கழுவிக்கொண்டிருப்பாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. பதினாறு. போ. வலது, இடது, மூன்று, நான்கு, போய்விட்டேன், நான் போகவில்லை, போய்விட்டது, ஆறு, ஏழு, நின்றுவிடலாம் இப்போதுகூட, தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றால் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள், ஒன்பது, பத்து, காற்று காதில், பலகை வெள்ளையாக வருகிறது, ரொம்ப வேகமாக வருகிறது, பன்னிரண்டு, எண்ணாதே, பதின்மூன்று, முருங்கைக்காய், பதினான்கு, பதினைந்து, வேண்டாம் வேண்டாம் வேண்டாம், பதினாறு, பதினேழு வலது, அடுத்து வேறு கால் இல்லை, இதுதான், இடது

டப்.

மணலில் கிடக்கிறேன். கேட்டது. நன்றாகக் கேட்டது. காலை அசைக்க மாட்டேன், அசைக்காதவரைக்கும் எனக்குத் தெரியாது. கண்ணைத் திறக்கவில்லை. யாரோ ஓடி வருகிறார்கள். "எந்திரிக்க முடியுதாம்மா? ஏம்மா? ஸ்ட்ரெச்சர் சொல்லவா?" அந்த வார்த்தையைக் கேட்டதும் உடம்பு தானாக எழுந்துவிட்டது. நிற்கிறேன். இரண்டு காலும் கீழே இருக்கின்றன, இரண்டும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு. வலி எங்கே என்று தேடுகிறேன், முழங்கையில் சிராய்ப்பு எரிகிறது, வேறு இல்லை. பலகைதான் சத்தம் போட்டிருக்கிறது. எல்லோருக்கும் போடுகிற அதே சத்தம். அப்புறம்தான் பார்த்தேன், நடுவர் சிவப்புக் கொடியை உயர்த்திப் பிடித்திருக்கிறார். பலகையைத் தாண்டி மிதித்திருக்கிறேன். செல்லாது. ஐந்து பதினெட்டோடு முடிந்தது, பதினோராவது இடம், பையைத் தூக்க வேண்டியதுதான்.

கால் பையைப் பார்த்துப் போகவில்லை, பலகைக்குப் போகிறது. பலகையின் விளிம்பில் பிளாஸ்டிசின் என்கிற மெழுகுக் களிமண் பூசி வைத்திருப்பார்கள், தாண்டி மிதித்தால் அதில் அச்சு விழும். நடுவர் சின்னக் கத்தியோடு அதைச் சமன் செய்ய வந்துகொண்டிருக்கிறார். நான் சண்டைக்கு வருகிறேன் என்று நினைத்துவிட்டார், பாவம். "ரெண்டு விரல் தாண்டிருச்சும்மா. இதோ இருக்கு பாரு, நான் சும்மா சொல்லல."

"எந்தக் கால் சார்?"

"என்னது?"

"இது எந்தக் காலோட அச்சு?"

மேலும் கீழும் என்னைப் பார்த்தார். "உன் கால்தாம்மா. இடது கால். இதோ பெருவிரல் வலப்பக்கம் இருக்கு பாரு. வேணும்னா கிட்ட வந்து பாத்துக்க."

"ஒரு நிமிசம் சார், அழிச்சிராதீங்க."

கிட்டப் போய்ப் பார்க்கிறேன். பிளாஸ்டிசினில் ஷூவின் முனை பதிந்திருக்கிறது, மூன்று ஆணிக் குழி, பெருவிரல் பக்கம் நல்ல ஆழம். என் இடது கால். ஐந்து அடி முன்னால் தள்ளியிருக்க வேண்டாம், கொஞ்சம் குறைத்திருக்கலாம். நான் அளந்து வைத்ததைவிட என் பயம் இரண்டு விரல் குறைவாக இருந்திருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், இன்னும் சூடாக இருந்தது, வெயில் சூடாகத்தான் இருக்கும். கம்பிப் பக்கமிருந்து சார் கத்துகிறார், என்ன கத்துகிறார் என்று கேட்கவில்லை, கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, துடைக்கவும் தோன்றவில்லை. பக்கத்தில் நடுவரின் செருப்புகள் மட்டும் தெரிகின்றன. ஏன் செருப்பு மட்டும் தெரிகிறது என்று நிமிர்ந்து பார்க்கிறேன், அவர் முகம் எங்கேயோ உயரத்தில் இருக்கிறது. நான் குந்தி உட்கார்ந்திருக்கிறேன். முட்டு முழுசாக மடங்கி, குதிகால் மேல் உடம்பு அத்தனையும் வைத்து, எப்போது உட்கார்ந்தேன் என்றே தெரியாமல். "எந்திரிம்மா, அடுத்த ஆளு வரணும்ல" என்கிறார் நடுவர். எந்திரிக்கிறேன் சார், எந்திரிக்கிறேன் என்று சொல்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. ஒரு கையைத் தரையில் ஊன்றப் போனேன், ஊன்றவில்லை.